நாலு பேருக்கு ரெண்டு வலை

வீடுகளுக்குக் கொசுவலை பங்கிடக் கைபேசியில் நிரப்பும் படிவத்தை உருவாக்கும் வேலையைத் தவோங்காவின் தலையில் கட்டிவிட்டார்கள். ம்ஸிம்பா நகருக்கு வடக்கே இருந்த அந்தச் சுகாதார நிலையத்தில் கணினி பழகியவள் அவள் ஒருத்திதான். திரையின் ஓரத்திலிருந்து கட்டங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள்: பெயர், ஊர், வீட்டில் எத்தனை பேர். கடைசிக் கட்டம் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். இரண்டு பேருக்கு ஒரு வலை; ஒற்றை ஆள் மிஞ்சினால் அவருக்கும் ஒன்று. மாவட்ட அலுவலகம் சொன்ன கணக்கு அது.

சரியாக வருகிறதா என்று பார்க்க முதலில் ம்ஹாங்கோவின் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார்.

"நானு, எம் பொண்டாட்டி, கல்யாண வயசுல மகன், அப்புறம் மாமியா. நாலு பேரு."

கைபேசி இரண்டு என்றது.

"ரெண்டா? ஒண்ணுல நானும் இவளும். இன்னொண்ணுல எம் மாமியாவும் மீசை மொளைச்ச பயலுமா? இல்ல, நானும் மாமியாவுமா? அவங்க எதுக்க வந்தாலே பாதைய விட்டு எறங்கி நிக்கிறவன் தாயி நானு!"

பக்கத்துக் குடிசைக்குள்ளிருந்து மாமியாரின் குரல் வந்தது. மருமகனிடம் பேசும் வழக்கமில்லாததால் மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "ஏ லுசுங்கு, கணக்குப் போட்ட புள்ளைக்குக் கல்யாணம் ஆயிருச்சான்னு கேளு!"

எல்லோரோடும் சேர்ந்து தவோங்காவும் சிரித்தாள். சைக்கிளில் திரும்பும்போது சிரிப்பு வடிந்துவிட்டது. யாரும் யாரோடும் படுத்துக்கொள்வார்கள் என்று அந்த வகுத்தல் நினைத்துக்கொள்கிறது. அதைக் குறை சொல்லி என்ன? யார் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்காமல் விட்டவள் அவள்தானே.

மறுநாள் 'படுக்கும் இடங்கள் எத்தனை' என்று ஒரு கட்டத்தைச் சேர்த்து, இடத்துக்கு ஒரு வலை என்று கணக்கை மாற்றினாள். சில வீடுகளுக்குப் போட்டுப் பார்த்தபோதே வலைகளின் எண்ணிக்கை எகிறியது. மேலதிகாரி சிர்வா போனில் சத்தம் போட்டார்.

"வலை என்ன மரத்துலயா காய்க்குது? பழைய கணக்கையே வையும்மா."

"சரிங்கய்யா. கேள்வி மட்டும் இருக்கட்டும். எவ்வளவு பத்தலைன்னு நமக்காவது தெரியணுமில்ல?"

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

பழைய கணக்குக்குக் கீழே 'குறை' என்று இன்னொரு கட்டம் வந்தது. படுக்கும் இடங்களிலிருந்து கொடுத்த வலைகளை அது தானே கழித்துக் காட்டும். வலை கொடுத்த நாளில் ம்ஹாங்கோவுக்கு இரண்டுதான் கிடைத்தன. தவோங்கா கைபேசியைத் திருப்பி, 'குறை: 1' என்பதை அவருக்குக் காட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, மனைவியிடம், "மொதல்ல உங்கம்மாவுக்குக் கட்டு" என்றார்.

மழைக்கு முன்னால், வேறெங்கோ மிஞ்சிய வலைகள் ஒரு பொதி வந்தன. இந்த முறை சிர்வாவே கூப்பிட்டு, அந்தக் குறைக் கட்டத்தை வைத்துப் பங்கிடச் சொன்னார். இரண்டு வலையோ அதற்கு மேலோ குறைந்த வீடுகளுக்குக் கொடுத்ததிலேயே பொதி தீர்ந்துவிட்டது.

சந்தையில் ம்ஹாங்கோவைப் பார்த்ததும் அவளே அருகே போனாள். "உங்க வீட்டுக்கு இப்பவும் வரலண்ணே."

"யாருக்குப் போச்சு?"

சொன்னாள். ஒவ்வொரு பெயருக்கும் அவர் தலையசைத்தார்.

"சரிதான். அந்த வீடுங்கள்ல பச்சப்புள்ளைங்க இருக்கு. எம் பய கொசுவுக்குப் புகை போட்டுக்கிட்டுப் படுத்துக்கிறான்."

அவர் தக்காளி பொறுக்கத் திரும்பிக்கொண்டார். அவளுக்கு மனம் ஆறவில்லை. ஆனாலும் எதையும் மறைக்காததால் அவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேச முடிந்திருந்தது.