ஆகஸ்டில் எழுதிய பரீட்சை

திங்கட்கிழமை மதியம் லைலின் சாப்பாட்டுக் கடையில் உட்கார இடம் கிடைக்காது. ஆல்டன் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். சனிக்கிழமை அமெரிக்கன் ஃபுட்பால், ஞாயிற்றுக்கிழமை கூடைப்பந்து, இரண்டிலும் கல்லூரிப் பிள்ளைகள் என்ன கிழித்தார்கள் என்பதை லைல் கரும்பலகையில் எழுதிவைப்பார். மேலே பார்த்த அம்புக்கு அடியில் ஒரு பெயர், கீழே பார்த்த அம்புக்கு அடியில் ஒரு பெயர். ஏறியவருக்கு இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லி ஒரு கிண்ணமும் பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டியும் இலவசம். இறங்கியவர் மஞ்சள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கடை முழுவதற்கும் காபி ஊற்ற வேண்டும்.

இந்த வாரம் ஏறியவன் கோல்பி. இறங்கியவள் டெஸ்ஸா. படிப்பு முடிந்ததும் ஜூனில் இரண்டு பேருக்கும் கல்யாணம் என்பது ஊருக்கே தெரியும் என்பதால் கேலிக்குக் குறைவில்லை.

"கப்பை நீட்டினா சரியா ஊத்துவியா, இல்ல இதையும் வெளியில போட்டுடுவியா?" என்றார் தபால்காரர் கார்லண்ட்.

"கிட்டக்க நீட்டுங்க கார்லண்ட். மடியில கொட்டினா அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது."

"வீட்டுல ஒருத்தராவது ஜெயிக்கணும்ல," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். கடையே சிரித்தது. டெஸ்ஸாவும் சிரித்துக்கொண்டேதான் கோல்பியின் மேஜைக்கு வந்தாள்.

அவன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சில்லியைத் தொடவே இல்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்: "நீ எதுக்கு ஏப்ரன் கட்டியிருக்க?"

இவனும் கேலி செய்கிறான் என்று நினைத்துப் பதில் சொல்ல வாயெடுத்தவள், அவன் கண்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அதில் விளையாட்டு இல்லை. நிஜமாகவே கேட்டிருந்தான்.

"நேத்து கடைசியில ரெண்டு ஃப்ரீ த்ரோவை விட்டேன்ல, கோல்பி. ஒரு பாயின்ட்ல தோத்தோமே."

"ஓ. ஆமா, ஆமா," என்றான். அந்த 'ஆமா' கொஞ்சம் தாமதமாக வந்தது. நேற்று முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவன் அவன். ஆட்டம் முடிந்ததும் அவள் அழுததைப் பார்த்து, பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டவன் அவன். காபி கோப்பையை நிறைத்து மேஜையில் வழிவதைக்கூட டெஸ்ஸா கவனிக்கவில்லை.

சனிக்கிழமை நடந்தது அவள் கண்முன் வந்தது. ஆட்டத்தின் கடைசி நிமிடம். எதிரணிக்காரன் பந்தை அணைத்துக்கொண்டு எல்லைக்கோட்டை நோக்கிப் பாய்ந்தான். கோல்பி தலையைத் தாழ்த்திக்கொண்டு போய் மோதினான். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் முட்டிய சத்தம் மேல்வரிசைவரை கேட்டது. கோட்டுக்கு ஒரு கை தள்ளி எதிரணிக்காரன் விழுந்தான். ஆல்டன் ஜெயித்தது. கோல்பி எழுந்து, கையை உயர்த்திக்கொண்டு நேராக எதிரணியின் பெஞ்சை நோக்கி நடந்தான். ஒரு தோழன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான். சந்தோஷத்தில் திக்குத் தெரியவில்லை என்று எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

கடைக்கு வெளியே வண்டியருகில் அவனைப் பிடித்து நிறுத்தினாள்.

"நதீன்கிட்ட போனியா?" நதீன் கல்லூரியின் இரண்டு அணிகளுக்கும் காயம் பார்ப்பவள். அவள் சம்மதிக்காமல் யாரும் களத்தில் இறங்க முடியாது.

"காலையில போனேன். கம்ப்யூட்டர்ல டெஸ்ட் வெச்சாங்க. பாஸ்."

"நேத்து நடந்தது ஞாபகமில்ல உனக்கு. எப்படிடா பாஸ் ஆன?"

அவன் சிரித்தான். "எப்படின்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். வருடா வருடம் ஆகஸ்டில், ஆட்டங்கள் தொடங்கும் முன்பு, எல்லோரையும் கம்ப்யூட்டர் அறையில் உட்காரவைத்து நதீன் ஒரு பரீட்சை வைப்பாள். சொற்களை நினைவில் வைக்க வேண்டும், நிறம் மாறியதும் பொத்தானை அழுத்த வேண்டும். அடிபடாத தலை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அது அளவு. பிறகு யாருக்காவது தலையில் அடிபட்டால், மறுபடியும் அதே பரீட்சை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பாள். பிள்ளைகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஆகஸ்டிலேயே வேண்டுமென்று மோசமாக எழுதிவிடுவது. அப்போது மந்தமாக இருந்தால், பின்னால் அடிபட்டு மந்தமானாலும் வித்தியாசம் தெரியாது. ஒரு ஆட்டத்தையும் இழக்க வேண்டியதில்லை.

இந்த ஆகஸ்டில் டெஸ்ஸாவும் கோல்பியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவர் தப்பைப் பார்த்து ஒருவர் வாயைப் பொத்திச் சிரித்தபடி அதைத்தான் செய்தார்கள்.

அன்று பரீட்சைக்குச் சற்று முன்புதான் நதீன் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். முதல் அடி ஆறுவதற்குள் தலையில் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கிவிடும். வேறு மாநிலத்தில் ஒரு பையன் அப்படித்தான், தானே நடந்து பெஞ்சுக்கு வந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்தான். அதன்பின் எழுந்திருக்கவில்லை.

"சனிக்கிழமை ஆடாத, கோல்பி."

"என் ஆட்டத்தைப் பார்த்து எடுக்கறதுக்குன்னே ரெண்டு பெரிய டீம்லேருந்து ஆள் வராங்க, டெஸ். இந்த ஊருக்கு அப்படி யாராவது வந்திருக்காங்களா?" அவன் தொப்பியை இன்னும் இறக்கினான். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு."

"சொல்லமாட்டேன்," என்றாள். சொன்ன வாயையே கிள்ளிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

புதன்கிழமை அவன் வீட்டுக்குப் போனாள். அவன் அம்மா டார்லா அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கறானா, டார்லா?"

"நல்லாத் தூங்கறான். சாயந்திரமே போய்ப் படுத்துடறான். லைட்டை அணை, லைட்டை அணைன்னு ஒரே பிடுங்கல்." துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "களைப்புதான். இல்ல?"

அந்தக் கேள்வி சும்மா வந்ததில்லை என்று டெஸ்ஸாவுக்குப் புரிந்தது. இவளும் பயந்திருக்கிறாள். வேறு யாராவது முதலில் சொல்லிவிட மாட்டார்களா என்று காத்திருக்கிறாள். "களைப்பாத்தான் இருக்கும்," என்றாள் டெஸ்ஸா. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. டார்லா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். டெஸ்ஸா வேலை இருக்கிறதென்று சொல்லிக் கிளம்பினாள்.

அந்த வாரம் வியாழக்கிழமையும் ஒரு கூடைப்பந்து ஆட்டம் இருந்தது. இரண்டாம் பாதியில் எதிரணிப் பெண் ஒருத்தி துள்ளி எழும்பியவள் மல்லாந்து விழுந்தாள். அவள் தலை மரத்தரையில் பட்ட ஓசை டெஸ்ஸாவின் காலடிவரை வந்தது. அரங்கம் அடங்கிப்போனது. அந்தப் பெண் எழுந்து, சிரித்து, டெஸ்ஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நாங்க எந்தப் பக்கம்?"

மீதி ஆட்டத்தில் டெஸ்ஸா போட்ட பந்தெல்லாம் வளையத்துக்குள் விழுந்தது. எப்படி விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. "வர்ற திங்கள் உனக்கு சில்லி உண்டு," என்று முதுகில் தட்டிய கைகள் யாருடையவை என்றும் தெரியாது. உடை மாற்றும் அறையில் முகம் கழுவப் போனவள் வாந்தி எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வகுப்புக்குப் போகாமல் நதீனின் அறைக்குப் போனாள். நதீன் ஒரு பையனுக்குக் கணுக்காலில் டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் போகும்வரை டெஸ்ஸா கதவருகிலேயே நின்றாள்.

"உனக்கு என்ன? முழங்காலா?"

"என் ஆகஸ்ட் டெஸ்ட் பொய், நதீன். வேணும்னேதான் மோசமா செஞ்சேன். திரும்ப எழுதணும்."

நதீன் கத்தரிக்கோலை மெதுவாகக் கீழே வைத்தாள். "அடுத்த ஆட்டத்துல உன்னை வெளியில உட்கார வெக்கச் சொல்லி கோச்கிட்ட சொல்லலாம் நான். தெரியும்ல?"

"தெரியும்."

"இதை இப்ப வந்து ஏன் சொல்ற? உனக்குத் தலையில அடிபடலையே."

டெஸ்ஸா கதவைத் திரும்பிப் பார்த்தாள். பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. "அன்னிக்கு என் பக்கத்து நாற்காலியில யார் உட்கார்ந்திருந்தாங்கன்னு நினைச்சுப் பாருங்க," என்றாள்.

நதீன் நினைத்துப் பார்க்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. முகம் வெளுக்க, போனை எடுத்தாள்.

சனிக்கிழமை ஆட்டம் தொடங்கிய பிறகுதான் டெஸ்ஸாவுக்கு அவன் வீட்டுக்குப் போகத் துணிச்சல் வந்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை. கதவைத் திறந்தவள் டார்லா. ஒதுங்கி வழிவிட்டாள். கடந்து போகும்போது டெஸ்ஸாவின் முழங்கையை ஒருமுறை அழுத்திவிட்டாள்.

அறையில் திரையெல்லாம் இழுத்துவிட்டிருந்தது. கோல்பி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"யாரு?"

"நான்தான்."

"குரல் தெரியுது. எனக்கு நீ யாருன்னு கேக்கறேன்."

டெஸ்ஸா கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்லமாட்டேன்னு சொன்ன. அந்த ரெண்டு பேரும் வந்திருக்காங்க. அங்க உட்கார்ந்து வேற எவனையோ பார்த்துட்டிருக்காங்க. போ டெஸ். உன் மூஞ்சியப் பார்க்கவே பிடிக்கலை."

"பார்க்காத. நான் இங்கதான் இருப்பேன்."

அப்போது மைதானத்திலிருந்து கூச்சல் எழுந்து, மூடிய ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்தது. கோல்பி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டான். இந்த ஊரையே தூக்கி நிறுத்திய அந்தப் பெரிய முதுகு நடுங்கியது. டெஸ்ஸா எழுந்து, அவன் கைகளின்மேல் தன் கைகளை வைத்து அழுத்தினாள். தட்டிவிடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் தட்டிவிடவில்லை.

சத்தம் அடங்கிய பிறகும் அப்படியே இருந்தார்கள்.

"எனக்கு அந்த அடி ஞாபகமே இல்ல," என்றான். சுவரிடம் சொல்வதுபோல் சொன்னான். "எல்லாரும் கையைக் குலுக்கறாங்க. நானும் தேங்க்ஸ் சொல்றேன். வீடியோ பார்த்துதான் அது நான்னு தெரிஞ்சுக்கிட்டேன். என் நம்பரை வெச்சு."

"நதீன் அனுப்பின டாக்டர் என்ன சொன்னார்?"

"ஸ்கேன் எடுக்கணுமாம். செவ்வாய்க்கிழமை, ஒமாஹாவுல." கால்களை இன்னும் மடக்கிக்கொண்டான். "எனக்கு பயமா இருக்கு, டெஸ்."

"எனக்கும்தான்," என்றாள். "திங்கட்கிழமையிலேருந்தே."

"உன்னை இன்னும் மன்னிக்கலை."

"சரி. ஒமாஹாவுக்கு வண்டி நான் ஓட்டறேன்."

வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. வெளியே மறுபடியும் கூச்சல் கிளம்பியது, இந்த முறை முன்பைவிடப் பலமாக. புள்ளி எடுத்தது ஆல்டனா, எதிரணியா, அவளுக்குத் தெரியவில்லை. அவன் கைகளின்மேல் இருந்த தன் கைகளை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.