கிழக்கே இருபது பேர்

அந்த ஊர்ப் பேருந்துகளுக்கு எஞ்சின் கிடையாது. பயணிகள் அவரவர் போகவேண்டிய திசையில் கம்பியைப் பிடித்துத் தள்ளுவார்கள். எதிரெதிர் விசைகள் கழிந்தது போக மிச்சம் எந்தப் பக்கமோ, வண்டி அந்தப் பக்கம் போகும்.

தங்கபுஷ்பம் காலை ஏழு மணிக்கு ஏறினாள். கிழக்கே, ஆஸ்பத்திரியில், மகள் செல்வரதிக்கு இடுப்புவலி கண்டிருந்தது. பத்து மணிவரை தள்ளினாள். உள்ளங்கை கன்றிப்போனது. வண்டி ஏறின இடத்திலேயே நின்றது.

"மூணு மணி நேரமாத் தள்ளுதேன். என் பலமெல்லாம் எங்கய்யா போச்சு?" என்று கண்டக்டரிடம் சீறினாள்.

"உங்க மேல குத்தமே இல்லம்மா. கிழக்க இருபது பேரு, மேக்க இருபது பேரு. மிச்சம் சைபர்."

மேற்கே தள்ளியவர்களில் வைகுண்டமணி என்பவர் கல்யாணப் பந்திக்குப் போய்க்கொண்டிருந்தார். தங்கபுஷ்பம் கம்பியை விடாமலே அவர் பக்கம் திரும்பினாள்.

"எம்மவ அங்க பிள்ளை பெறுதா. நீங்க சாம்பாருக்காகத் தள்ளுதீங்க. நல்லாருக்கா அண்ணாச்சி?"

அவர் முகம் சுண்டிப்போய்க் கையை எடுத்தார். வண்டி லேசாக அசைந்தது.

"இம்புட்டுதானா?"

"ஒரு ஆள் விசைதானம்மா மிச்சம். பாரமோ இம்புட்டு. வேகம் மெதுவாத்தான் கூடும்."

யாருடையவை என்று கேட்காமல், உள்ளே கிடந்த ஆறு அரிசி மூட்டைகளையும் ரோட்டில் உருட்டிவிட்டு அவள் மறுபடி கம்பியைப் பிடித்தாள். அதன்பின் வேகம் முன்னைவிடச் சுருக்காகக் கூடியது.

ஆஸ்பத்திரி தெரிந்ததும் கண்டக்டர் விசில் ஊதினார். எல்லோரும் கையை எடுத்தார்கள். வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"ஒருத்தரும் தள்ளலியே! ஏன் நிக்கமாட்டேங்கு?"

"நிறுத்தவும் தள்ளணும்மா. மேக்க."

"அண்ணாச்சி, தள்ளுங்க!"

"தள்ளாதன்னீங்க. இப்பம் தள்ளுங்கீங்க," என்று வைகுண்டமணி கொதித்தார். "என்னைய என்னன்னு நெனச்சீங்க?"

ஆனாலும் தள்ளினார். அவளும் அவர் பக்கத்தில் நின்று மேற்கே தள்ளினாள். வண்டி தளர்ந்து தளர்ந்து, வாசலில் நின்றது.

ஆஸ்பத்திரி நிற்கவில்லை. நோயாளிகளில் பெரும்பாலோர் வீட்டுக்குப் போக விரும்பியதால் அது தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. மாடி ஜன்னலில் செல்வரதி, ஒரு கையில் குழந்தையுடன், மறு கையால் சுவரை வடக்கே தள்ளிக்கொண்டிருந்தாள்.

தங்கபுஷ்பம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிப்போய் வாசல்கதவின் கம்பியைப் பிடித்து வடக்கே தள்ளினாள். வைகுண்டமணியும் இறங்கினார். பந்தி எப்படியும் முடிந்திருக்கும்.