இராயப்பருக்கு விட்ட மீன்

வியாகுலம்மாள் அத்தை காலையில் கடலில் விட்ட விரால், சாயங்காலமே செத்துக் கரை ஒதுங்கியது. அன்றிலிருந்து அவள் மகன் இக்னேஷியஸ் வீட்டோடு கிடந்தான்.

ஐப்பசிப் புயலில் அவன் மீன்பிடிக்கப் போன லாஞ்சின் இன்ஜின் நின்றுபோய், பழவேற்காட்டுப் பக்கம் எங்கேயோ ஒதுங்கி, எல்லோரும் அழுது முடித்த பிறகு திரும்பி வந்தான். அதற்குள் அத்தை மீனவர்களின் காவலரான புனித இராயப்பருக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். பிள்ளை உயிரோடு வந்தால் ஒரு மீனை உயிரோடு கடலில் விடுவாள். அவர் அதை ஏற்றுக்கொள்ளும்வரை பிள்ளை லாஞ்சில் கால் வைக்க மாட்டான்.

எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு மடவை மீனை உயிரோடு பிடித்து விட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். சொல்லிப் பார்த்தேன்.

"கடல்ல எட்த்து கடல்ல வுட்டா அது நேர்ச்சையா? அவரு பொருள அவருக்கே குடுக்கறதா? காசு குடுத்து வாங்கினாதான்டா அது நம்ப மீனு" என்றாள்.

இராயபுரம் மார்க்கெட்டில் கடல் மீனெல்லாம் செத்துத்தான் வரும். உயிரோடு கிடைப்பது மீன்காரி கோவிந்தம்மாவின் பானையில் இருக்கும் செங்குன்றத்து ஏரி மீன் மட்டும். அப்படித்தான் விரால் வாங்கினாள். கரையில் கிடந்த அதை நானும் பார்த்தேன். வயிறு ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. அத்தை வாலில் இருந்த வெட்டை வைத்து அடையாளம் கண்டாள்.

"ஒத்துக்கல. திருப்பி அனுப்பிட்டாரு" என்று சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்க்கிறேன். ராத்திரி ஷிப்டு. அதற்கு முன் இரண்டு வருடம் கல்லூரியில் விலங்கியல் படித்தேன். விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை, காலையில் எழுந்து போகப் பிடிக்கவில்லை. அப்பா அம்மா போன பிறகு அத்தை வீட்டில்தான் சோறு.

ஒரு நாள் காலையில் ஷிப்டு முடித்து வந்தபோது இக்னேஷியஸ் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.

"வா மாமு. பூண்டு உரிக்கறதுல இப்போ நம்பள அடிச்சிக்க ஆளில்ல. உன் கம்பெனில இதுக்கு வேல கீதா?"

சிரித்தான், ஆனால் முகம் சரியில்லை. லாஞ்சுக்காரர் அடுத்த மாதம் வேறு ஆளை ஏற்றப் போவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

நான் அத்தையிடம் போனேன். "கடல் மீன் குழம்புக்கு உப்பு போடறியா இல்லியா?"

"இன்னாடா கேள்வி? போடாம?"

"பொறந்ததுலேர்ந்து உப்புத் தண்ணிலதானே கெடக்குது? ஏன் மறுபடி போடற?"

கரண்டியோடு நின்றாள். இத்தனை வருடம் குழம்பு வைத்தவளை யாரும் இதைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"உள்ள வர்ற உப்ப அது செவுள் வழியா வெளிய தள்ளிக்கினே கீது. செத்தாதான் உப்பு ஏறும், கருவாடு மாதிரி. ஏரி மீனுக்கு வேல தலைகீழ். அங்க தண்ணில உப்பே இல்ல. இருக்கற துளிய செவுளு புடிச்சி உள்ள இழுக்கும். அந்த விராலக் கொண்டாந்து கடல்ல போட்டா, ஒடம்புல இருக்கற தண்ணியெல்லாம் வெளிய போய்டும். தண்ணிக்குள்ளயே காஞ்சி செத்துச்சி அத்தே. யாரும் திருப்பி அனுப்பல."

"அப்போ எந்த ஏரி மீனும் பொழைக்காதா?"

"ஜிலேபி மீனு பொழைக்கும். அதோட செவுளு வேலைய மாத்திக்கும். ஆனா நாளாவும். என்னப் பகல் ஷிப்டுலேர்ந்து ராத்திரிக்கு மாத்துனப்போ ஒரு வாரம் சோறு எறங்கல, ஞாபகம் கீதா? அதே மாதிரி."

"ஐய! சாக்கடைல மேயற கலீஜ் மீனு. அதப் போயா இராயப்பருக்குக் குடுக்கச் சொல்ற?"

"அவரு இன்னா துன்னவா போறாரு?" என்றான் இக்னேஷியஸ். கரண்டி அவன் முதுகில் விழுந்தது. ஆனாலும் அன்றே போய் மூன்று ஜிலேபி வாங்கி வந்தாள். அதிலும் பேரம் பேசித்தான்.

துணி துவைக்கும் பெரிய தொட்டியில் குழாய்த் தண்ணீர் நிரப்பி விட்டோம். தினமும் காலையில் ஷிப்டு முடிந்து வரும்போது கடலில் ஒரு வாளி மொண்டு வருவேன். தொட்டியிலிருந்து ஒரு வாளி இறைத்துவிட்டுக் கடல் தண்ணீரை ஊற்றுவேன். அத்தை விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள்.

"ரசத்துக்குச் சரியா கீது" என்பாள். மறுநாள், "கொஞ்சம் தூக்கலு. விருந்தாளிக்கு வெக்க முடியாது."

தொட்டியில் கடல் கரிப்பு வருவதற்குள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு காலை நான் வந்தபோது மீன்கள் தொட்டிச் சுவரில் மோதிக்கொண்டிருந்தன. ஒன்று சாய்ந்து மிதந்தது. அடியில் கல்லுப்பு கரையாமல் கிடந்தது.

"ரெண்டு கை போட்டேன்டா. சீக்கிரம் பழகட்டுமேன்னு."

பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீர் ஊற்றினேன். சாய்ந்தது செத்துவிட்டது. மற்ற இரண்டும் அடியில் அசையாமல் நின்றன. செவுள் மட்டும் அடித்தது.

"நானே கொன்னுட்டேனா?"

"ஆமா."

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உப்புப் பானையைத் தூக்கி அலமாரி உச்சியில் வைத்துவிட்டு வந்து தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுநாள் இரண்டும் சோற்றுப் பருக்கையைக் கொத்தின. மறுபடி வாளி வாளியாக ஆரம்பித்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீரை ருசி பார்த்து, "தூ, கடலேதான்" என்று துப்பினாள். காலைப் பூசை முடிந்ததும் மூன்று பேரும் கரைக்குப் போனோம். விராலைப் பார்த்த கூட்டம் மறுபடி கூடிவிட்டது. மீன் கூடையோடு வந்த கோவிந்தம்மா, "இன்னா வியாகுலம், இந்த தபா ஜிலேபியா? அடுத்த தபா மைசூர்பாகா?" என்றாள். அத்தை காதில் வாங்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வாளியைச் சாய்த்தாள். இரண்டும் ஒரே உதறலில் போய்விட்டன.

அவள் வீட்டுக்கு வரவில்லை. வெயிலில் கரையோடு நடந்தாள், விரால் ஒதுங்கிய இடம்வரை போவதும் வருவதுமாக. அலை சிப்பியைப் போட்டது, தென்னை மட்டையைப் போட்டது. சாயங்காலம் நான் வேலைக்குக் கிளம்பும்போது ஒருமுறை எட்டிப் பார்த்தேன். இக்னேஷியஸ் படகு நிழலில் உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மீன் எதுவும் ஒதுங்கவில்லை.

அத்தை புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு அவனிடம் வந்தாள்.

"இன்னாடா குந்திகினு கீற? லாஞ்சுக்காரன் வூட்டாண்ட போய் நாளைக்கு வரேன்னு சொல்லிட்டு வா."

அவன் எழுந்து ஓடியதைப் பார்த்தால் நெருப்பு பிடித்தது போலிருந்தது.

முதல் நாள் கடலுக்குப் போய் அவன் கொண்டுவந்தது நாலு வஞ்சிரம். நான் தூங்கி எழுந்தபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அத்தை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்த்தாள், முகம் சுளித்தாள்.

"நல்லாத் தள்ளியிருக்குதுடா செவுளு. ஒண்ணியும் இல்ல" என்று சொல்லிவிட்டு, அலமாரி உச்சியிலிருந்து உப்புப் பானையை எடுத்துத் தரச் சொன்னாள்.