‘சனிக்கு அப்பால்’ கேப்டன் கடைசியாகச் சொன்னது

‘சனிக்கு அப்பால்’ என்ற பெயரை வைத்தது நானில்லை, கோலாலம்பூர் கம்பெனி. ஆங்கிலத்தில் எடுத்த விண்வெளித் தொடர். கதை சனிக்கிரகத்தைத் தாண்டி நடக்கிறது. அதனால் அந்தப் பெயராம். தமிழர் வீட்டில் சனியை யார் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள் என்று கேட்டுப் பார்த்தேன், பெயர் மாறவில்லை. எங்கள் குரல் நடிகை செல்வராணியின் மாமியார் இதைச் சோதிட நிகழ்ச்சி என்று நினைத்து உட்கார்ந்து, பரிகாரத்தைக் கடைசியில்தான் சொல்வார்கள் என்று முதல் பகுதி முழுவதையும் பார்த்துவிட்டார்.

நான் சமீரா. ஜோகூர் மாநிலத்துத் தம்போயில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் சின்னதாக டப்பிங் ஸ்டூடியோ நடத்துகிறேன். வசனத்தைத் தமிழில் எழுதுவது, குரல் கொடுப்பவர்களைக் கட்டி மேய்ப்பது, கீழே டயர் கழற்றும் சத்தம் வந்தால் ஜன்னலைத் திறந்து கத்துவது எல்லாம் என் வேலை. ஒலிப்பதிவுக்குக் காளிதாஸ். கதாநாயகி கேப்டன் ஆராவுக்குக் குரல் செல்வராணி. கேப்டனின் சின்ன மகள் லீனிக்குக் குரல் சாந்தினி. அந்தக் ‘குழந்தை’க்குப் போன மாதம்தான் கல்யாணம் நிச்சயமானது.

செல்வராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் மின்சாமான் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறாள். சூப்பர்வைசர் கத்தினால் தலையைக் குனிந்துகொள்வாள். பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கக்கூட அவளுக்கு வாய் வராது. ஆனால் மைக் முன்னால் நிறுத்தினால் ஒரு விண்கலத்தையே அதட்டி உட்கார வைப்பாள். “அங்க நான் பெட்டிக்காரி, இங்க கேப்டன். இது இல்லேன்னா எனக்கு வாரமே ஓடாதுக்கா” என்று ஒரு முறை சொன்னாள். அதைச் சொன்னதும் வெட்கப்பட்டு, தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

கடைசிப் பகுதியின் கடைசிக் காட்சி இது. வானத்தில் விழுந்த ஓட்டையை அடைக்கக் கேப்டன் தன் கலத்தோடு அதற்குள்ளேயே போகிறாள். போனால் திரும்ப வழியில்லை. போகும் முன் திரையில் மகளைக் கூப்பிட்டு, “நான் போறேன் கண்ணு” என்கிறாள். நான் எழுதிய வசனம் அதுதான். ஆங்கிலத்திலும் அவ்வளவுதான்.

செல்வராணி மைக்கைப் பிடித்தாள். கண்ணில் நீர் முட்டியது. “நான் போயிட்டு வரேன் கண்ணு” என்றாள்.

ஒருவருக்கும் உறைக்கவில்லை. நான் முந்தானையில் மூக்கைத் துடைத்தேன். சாந்தினி விசும்பினாள். காளிதாஸ் கட்டைவிரலைத் தூக்கி “சூப்பர், ஒரே டேக்” என்றான். சரிபார்க்கும்போது இன்னொரு தடவை கேட்டு, இன்னொரு தடவை அழுது, அனுப்பிவிட்டோம். அங்கே இருந்த எல்லாரும் தமிழர்கள். வாசலைத் தாண்டுகிறவர் போயிட்டு வரேன் என்று சொன்னால் அதில் தப்பு இருப்பதாக எந்தக் காதுக்குத் தோன்றும்?

கடைசிப் பகுதி வெளியான மறுநாள் ஜோகூர் இரண்டாகப் பிரிந்தது.

ரசிகர்கள் கூடுகிற இடம் என் அண்ணன் ஹாரூன் நானாவின் சாப்பாட்டுக் கடை. ஸ்டூடியோவுக்கு நாலு கடை தள்ளி. பெரிய திரை வைத்திருக்கிறார், பந்து ஆட்டத்துக்காக. இந்த விண்வெளிக் கூட்டத்தை அவருக்குக் கண்டாலே ஆகாது. ஒரு தே தாரிக் தேநீரை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு கிரகத்தையே சுற்றி வந்துவிடுகிறார்கள் என்பது அவர் புகார். நான்தான் தமிழ் வசனம் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாத் திட்டையும் காது குளிரக் கேட்டேன்.

“கேப்டன் வருவாங்க லா! போயிட்டு வரேன்னு புள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. கட்டாயம் ரெண்டாவது பாகம் இருக்கு” என்றார் உலு திராமிலிருந்து வந்த டியூஷன் வாத்தியார். அவர் கட்சிக்கு ஆதரவு குவிந்தது. அன்று மாலைக்குள் ‘வருவா லா’ என்று நெஞ்சில் அச்சடித்த பனியன்கள் வந்துவிட்டன. கேப்டன் திரும்பினால் கோயிலுக்கு ஒரு வேன் நிறைய அன்னாசி தருவதாக, அன்னாசி விளையும் பெக்கான் நானாஸ் ஊர் ரசிகர் ஒருவர் வேண்டிக்கொண்டார்.

எதிர்க்கட்சியில் ரூபேந்திரன் ஒருவன்தான். சிங்கப்பூரில் வரைபட வேலை பார்க்கிற இளைஞன். ஒரு காதில் ஆங்கிலம், மறு காதில் தமிழ் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு பகுதியையும் ஒப்பிட்டுப் பார்க்கிற ஆசாமி. இப்படியும் ஒரு பொழுதுபோக்கு.

“கேப்டன் செத்துட்டாங்க, புரியுதா? அலமாக், இங்கிலீஷ்ல போறேன்னுதான் சொல்றாங்க. எவனோ ஒரு அரைவேக்காடு தமிழ்ல மாத்திட்டான்” என்று மேசையைத் தட்டினான்.

அரைவேக்காடு எழுந்து அவனுக்குப் பாலில்லாத தே ஓ கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தது.

வாக்குவாதம் முற்றியது. பனியன்கள் அவனைச் சூழ்ந்துகொண்டன. நல்ல நாளும் அதுவுமாகச் செத்துட்டாங்க செத்துட்டாங்க என்கிறானே, இவன் வாயைக் கழுவு என்று ஒரு குரல். ரூபேந்திரனுக்கு முகம் சிவந்துவிட்டது. “கம்பெனிக்கே மெயில் போடறேன் பாருங்க. அறிவு கெட்ட கூட்டம்! இனிமே இந்தக் கடைப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்!” என்று பையைத் தோளில் மாட்டினான். வாசல் வரை போனவன் கல்லாவைத் திரும்பிப் பார்த்து, “சரி நானா, போயிட்டு வரேன்” என்றான்.

கடையே கொல்லென்று சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குக் கடைசி வரை புரியவில்லை. மறுநாள் காலையில் பசியாற வந்து ரொட்டி சானாய் கேட்டான்.

ஆனால் மெயில் போட்டுவிட்டான் பாவி. திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. அந்த ஒரு வரியைத் திருத்தி அனுப்ப வேண்டும். சனிக்கிழமை மறுபடி வெளியிடுவார்கள். அதோடு நிற்கவில்லை. கேப்டனின் இளமைக் கதையை அடுத்த தொடராக எடுக்கிறார்களாம். திருத்திய பிறகும் இந்தக் காட்சியைப் பற்றி இன்னொரு புகார் வந்தால், அந்தத் தொடரில் கேப்டனுக்குக் கோலாலம்பூரிலேயே வேறு குரல் பார்த்துக்கொள்வார்கள்.

செல்வராணியிடம் சொன்னேன். அவள் மைக்கைத் தொட்டுப் பார்த்தாள். “வேற ஆளா?” என்று மட்டும் கேட்டாள்.

“ஒரே ஒரு வார்த்தைடி. போறேன். சொல்லு.”

“போயிட்டு வரேன்.”

“செல்வராணி!”

“ஐயோ, நாக்கு தானா போகுதுக்கா.”

மறுபடி எடுத்தோம். ‘போ’ வரை ஒழுங்காக வருவாள். அங்கிருந்து வண்டி பழைய தடத்தில் இறங்கிவிடும். காளிதாஸ் தன் மூளையைக் காட்டினான். அந்தப் ‘போ’வை வெட்டி எடுத்து, கேப்டன் எதிரியிடம் “சுட்டுடுறேன்” என்று சொன்ன இடத்திலிருந்து ‘றேன்’ எடுத்து ஒட்டினான். போட்டுக் கேட்டால் கேப்டனுக்கு விக்கல் எடுத்தது.

“உன் சூப்பர்வைசர் மூஞ்சிய நினைச்சுக்கிட்டுச் சொல்லு” என்றேன். “நான் போறேன்!” என்று கணீரென்று வந்தது. ஆனால் கேப்டன் சாகப் போவதாகத் தெரியவில்லை. வேலையை விட்டுவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புவதாக இருந்தது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. “உன் வேலைதான்டி போகப் போகுது! உன் குரலைத் தூக்கி எவளுக்கோ குடுக்கப் போறான், உனக்கு ஒரு வார்த்தை சொல்ல வரலையா?” என்று கத்திவிட்டேன். கீழே டயர்க்காரர்கள்கூடச் சுத்தியலை நிறுத்தினார்கள்.

செல்வராணி காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். “எங்க வீட்டுக்காரர் தெனம் இருட்டோட பைக்க எடுத்துட்டுப் பாலம் தாண்டிப் போறாரு, சிங்கப்பூருக்கு. எத்தனை லாரி, எத்தனை பஸ். ஒரு நாளு ‘போறேன்’னு சொல்லிட்டுக் கெளம்பினாருன்னா நான் சாவியப் புடுங்கிடுவேன். எங்க தாமான் குடியிருப்புல எல்லா வீட்டுலயும் அப்படித்தான். அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் எப்படிக்கா அதச் சொல்லுவேன்?”

நான் உட்கார்ந்துவிட்டேன். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டேன். “கேப்டன் திரும்பி வரமாட்டா. அது அவளுக்குத் தெரியும். வரேன்னு சொன்னா அந்தப் புள்ள காலம் பூரா வாசல்ல நிக்குமே. அது பாவமில்லையா?”

அவள் நிமிர்ந்தாள். திரையில் லீனியின் முகம் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

“சாந்தினி எதுக்க வந்து நிக்கட்டும். அவளப் பாத்துச் சொல்றேன்” என்றாள்.

எப்போதும் ஒவ்வொருவராகத்தான் பதிவு செய்வோம். அன்று இருவரையும் எதிரெதிரே நிறுத்தினேன். காளிதாஸ் கையைக் காட்டினான். செல்வராணி சாந்தினியின் கண்ணைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, “நான் போறேன் கண்ணு” என்றாள்.

அடுத்தது லீனியின் வசனம். நான் எழுதியது, “நான் உங்கள மறக்கவே மாட்டேன்மா, தெனமும் வானத்தப் பாத்துக்கிட்டே இருப்பேன்.” சாந்தினி அதைச் சொல்லவில்லை.

“போறேன்னு சொல்லாதீங்கம்மா! போயிட்டு வரேன்னு சொல்லுங்க. சொல்லுங்கம்மா!” என்று கத்தினாள்.

நடிக்கவில்லை அவள். வாய் தானாகப் பேசிவிட்டது. எந்தத் தமிழ்ப் பிள்ளையும் அதைத்தான் சொல்லும். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் கேப்டன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசல் படத்தில் அந்த இடத்தில் அவளுக்கு வசனம் கிடையாது. செல்வராணியும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். கேப்டன் விசையை அழுத்தித் தொடர்பை அணைத்தாள். திரை இருண்டது.

“அக்கா, இது இங்கிலீஷ்ல இல்லையே” என்றான் காளிதாஸ், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “அந்த ரூபேந்திரன் விடுவானா?”

“அனுப்பு. வர்றது வரட்டும்” என்றேன்.

சனிக்கிழமை மாலை கடை நிரம்பி வழிந்தது. பனியன்கள் ஒரு பக்கம், ரூபேந்திரன் நடுவில், ஒரு காதில் ஆங்கிலம், கையில் போன். செல்வராணி தொழிற்சாலைச் சட்டையோடு நேராக வந்து, கணவன் மகேஸ்வரனுடன் கடைசி மேசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அவள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. நான் படத்தைப் பார்க்கவில்லை, ரூபேந்திரனின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் போறேன் கண்ணு” என்றாள் கேப்டன்.

பனியன்கள் எல்லாம் “ஐயோ” என்றன. ரூபேந்திரன் மோவாயைத் தூக்கி, “சொன்னேன்ல?” என்று நாலு பக்கமும் பார்த்தான்.

“போறேன்னு சொல்லாதீங்கம்மா! போயிட்டு வரேன்னு சொல்லுங்க. சொல்லுங்கம்மா!”

அவன் தலை சட்டென்று திரையின் பக்கம் திரும்பியது. இரண்டு காதிலும் இரண்டு விதமாகக் கேட்டிருக்கும். புருவம் சுருங்கியது. போனை எடுத்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கல்லாவைப் பிடித்துக்கொண்டேன்.

திரையில் கேப்டன் பேசாமல் மகளைப் பார்த்தாள். ஹாரூன் நானா தே ஆற்றிக்கொண்டிருந்தவர், தூக்கிய குவளையை இறக்க மறந்து நின்றார். பொறுக்க முடியாமல் திரையைப் பார்த்து வெடித்தார்.

“ஏம்மா, புள்ள கேக்குதுல்ல? ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் போயேன்!”

“சொல்ல மாட்டாண்ணே” என்றது கடைசி மேசை. “பொய் சொல்லிட்டு எப்படிண்ணே போறது?”

கேப்டனின் குரல். கடை முழுவதும் திரும்பியது. கையில் பாதி கடித்த கறிபாப்புடன் செல்வராணி உட்கார்ந்திருந்தாள். தான் வாய்விட்டுப் பேசியது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. மகேஸ்வரன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். பின்னால் திரை இருண்டது, யாரும் பார்க்கவில்லை.

ரூபேந்திரன் எழுந்தான். காதில் இருந்ததைப் பிடுங்கிப் பைக்குள் போட்டான். மேசைகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றான். ஒரு வாரமாகக் கேப்டன் செத்துவிட்டாள் என்று ஊரோடு சண்டை போட்டவன்.

“கேப்டன்… அப்ப நெஜமாவே வரமாட்டீங்களா?”

செல்வராணி என்னைப் பார்த்தாள். அவள் எதிர் நாற்காலியைக் காட்டினாள். அவன் உட்கார்ந்து, போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். அவள் தன் தே தாரிக்கை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“வரமாட்டேன் தம்பி” என்றாள்.