கையில் வாங்கிய உப்பு

சண்முகக்கனி வீட்டு உப்பு ஜாடியிலிருந்து அயோடின் எழுந்து போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இட்லி வெந்துகொண்டிருந்தபோது. ஊதா நிறத்தில் மெல்லிய ஆவியாக எழுந்தது. இடுப்பில் கை வைத்து ஒருமுறை நிமிர்ந்தது. பிறகு ஜன்னல் பக்கம் நடந்தது.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்று கனி கேட்டாள்.

"மாறுதல் கேட்டிருந்தேன். ஆர்டர் வந்துட்டு," என்றது அயோடின். "நீங்க ஏழு மாசமா மூடி போடல."

அது பொய்யில்லை. ஜாடிக்குள்ளேயே கரண்டி கிடந்தது. அதனால் மூடி எப்போதும் சாய்ந்தே நின்றது. ஜாடியும் அடுப்பை ஒட்டி இருந்தது. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கைக்கு எட்டுகிற இடத்தில் உப்பு இல்லாவிட்டால் அவர்களுக்குக் குழம்பு வைக்கவே வராது.

ஜாடிக்கு அடியில் ஒரு கடிதம் இருந்தது. அவள் கணவன் பேச்சிமுத்து அதைச் சத்தமாகப் படித்தான். மாலை ஐந்து மணிக்குள் காலியிடம் நிரப்பப்படாவிட்டால், வயிற்றிலிருக்கும் பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளையாகப் பிறக்கும் என்று எழுதியிருந்தது. கீழே முத்திரை ஒழுங்காக இருந்தது.

"ஆபீஸ் எங்கன இருக்காம்?" என்று கனி கேட்டாள்.

"ஒன் தொண்டைக்குள்ள."

"பஸ் இருக்கா?"

"பதினொன்னாம் நம்பர் போகும்."

பேச்சிமுத்து சட்டையை மாட்டினான். பிறகு கழற்றிவிட்டான். தொண்டை அவளுடையது. அவன் வர முடியாது. வாசல்வரை வந்து, அவள் பையில் நாலு இட்லி வைத்தான். இருவருக்கும் பயமாகத்தான் இருந்தது.

தொண்டைக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. வழியெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போனாள்.

தைராய்டு அலுவலகம் பட்டாம்பூச்சி வடிவில் கட்டப்பட்டிருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு இறக்கைகள், நடுவில் ஒடுங்கிய நடை. அவள் மூச்சை உள்ளே இழுத்தால் நடை நீண்டது. வெளியே விட்டால் பாதிதான் சுருங்கியது. ஆகவே நடக்க நடக்கத் தூரம் கூடிக்கொண்டே போனது.

எதிரே ஒருவர் தலையில் கூடையோடு ஓடி வந்தார். கரிய, கட்டையான ஆள். சட்டையில் 'இரும்பு' என்று எழுதியிருந்தது.

"கூடையில என்ன?"

"உங்க மூச்சுதாம்மா," என்றார் இரும்பு. ஓட்டத்தை நிறுத்தவில்லை. கனியும் கூடவே ஓடவேண்டியிருந்தது. "உங்களுக்கு ஒரு கூட, பிள்ளைக்கு ஒரு கூட."

"ஒங்களுக்கு ஆளு பத்துதா?"

"பத்தாது. டாக்டர் மாத்திரை எழுதித்தான் ஆள அனுப்புதாரு. நீங்க அதக் காபியில முழுங்குதீங்க. பாதிப் பேரு வாசலோட திரும்பிப் போயிருதாங்க."

தண்ணீரில் முழுங்கினால் மாத்திரை கசக்கிறது என்று கனிதான் காபிக்கு மாறியிருந்தாள்.

இந்த இரும்பை நினைத்தால் எனக்கே கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஒரு ஆளின் உடம்பில் உள்ள மொத்த இரும்பையும் உருக்கினால் ஒரு சின்ன ஆணிதான் தேறும். அந்த ஆணிதான் ஒரு மனுஷியை மாடிப்படி ஏற்றி இறக்குகிறது. பக்கத்து அறையில் துத்தநாகம் கண்ணாடி போட்டுக்கொண்டு, போன வாரம் அரிவாள்மணையில் வெட்டுப்பட்ட கனியின் விரலைத் தைத்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசி அறையில் கோபால்ட் தனியாக உட்கார்ந்திருந்தது. மொத்தமே ஒரு மில்லிகிராம். அது ஒரு நாள் லீவு போட்டால் ரத்தம் ஊறுவதே தடுமாறும். லீவு போட்டதே இல்லை.

கவுண்டரில் ஆறுமுகநயினார் இருந்தார். ஒல்லியானவர். இருபத்தாறு வருஷமாக, அதாவது கனி பிறந்த நாளிலிருந்து, அதே நாற்காலி.

"பாரம் எழுதுங்க," என்றார்.

பாரத்தில் பிள்ளையின் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது.

"இன்னும் பொறக்கல."

"பொறக்காதவங்களுக்குத் தனிப் பாரம் கெடையாது. பேரப் போடுங்க. கூப்பிட்டாத் திரும்பணுங்கதுதான விண்ணப்பம். என்னன்னு கூப்பிடுவீங்க?"

பிறக்குமுன் பெயரைச் சொல்வது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை. கனி ஒரு பெயரை மனதுக்குள் வைத்திருந்தாள். பேச்சிமுத்துவிடம்கூடச் சொன்னதில்லை. கட்டத்தில் 'அமுது' என்று எழுதினாள். எழுதியபோது அவளுக்குக் கண் கலங்கியது.

ஆறுமுகநயினார் முத்திரை குத்தினார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்தார். உப்பின் மேல் காலையில் போன அதே அயோடின் கைகட்டி உட்கார்ந்திருந்தது.

"மாறுதல்னு சொன்னீங்க?"

"இங்கதான் மாத்தியிருக்கு," என்றது அயோடின்.

"ஆயுசு முழுக்க ஒரு ஆளுக்கு ஒரு டீஸ்பூன் போதும்," என்றார் ஆறுமுகநயினார் பெருமையாக. "ஆனா அந்த ஒரு டீஸ்பூன் இல்லாட்டி ஆளு ஆளா இருக்காது. இந்தா வைக்கேன், எடுத்துக்கிடுங்க."

உப்பைக் கவுண்டர் பலகையில் வைத்தார். வைத்த உடனே பலகை நீண்டது. உப்பு ஒரு தெரு தூரம் தள்ளிப் போனது. கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் போய்ச் சேருமுன் பலகை இன்னொரு தெரு நீண்டது.

திரும்பி வந்தாள். உப்பும் திரும்பி அவர் விரலுக்கு வந்திருந்தது. மறுபடி வைத்தார். மறுபடி நீண்டது. மூன்று தடவை இப்படியே நடந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலேகால்.

"சார், கையில குடுத்திருங்க."

ஆறுமுகநயினார் கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"உப்பக் கையில குடுக்கலாமா? என்னம்மா நீங்க."

கனிக்கும் அது தெரியும். உப்பைக் கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும். கடைக்காரர்கூடக் கீழே வைத்துத்தான் தருவார், வாங்குகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அவள் பிறந்ததிலிருந்து யார் கையிலும் உப்பு வாங்கியதில்லை.

"இத்தன வருஷம் ஒங்க தொண்டையில இருந்திருக்கேன். ஒரு மனஸ்தாபம் கெடையாது," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "அதக் கெடுக்கணுமா?"

கனி யோசித்தாள். வயிற்றுக்குள் பிள்ளை அசையாமல் இருந்தது.

"சண்டை வந்தா போட்டுக்கிடுவோம் சார்," என்றாள். "குடுங்க."

அவள் உள்ளங்கையை நீட்டினாள். அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உப்பை வைத்தார். கை நீளவில்லை. கனி உப்பை வாயில் போட்டாள். அயோடின் இறங்கி, சட்டையை உதறிவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்து வேலையைத் தொடங்கியது.

"ஜாடிய மூடத் துப்பில்ல. ஆபீசுக்கு வந்துட்டாங்க," என்றார் ஆறுமுகநயினார்.

"வாயி இருந்துச்சில்லா? ஏழு மாசமா ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"நாங்க சொல்லுத ஆளு கெடையாது. செய்யுத ஆளு."

"செய்யுதவங்க கவுண்டர ஏன் நீட்டுதீங்க?"

"காபி குடிக்காவ, காபி. அந்த மனுசன் தலையில கூடையோட இருபத்தாறு வருஷமா ஓடுதாரு. ஒரு நாளாவது எங்கள நெனச்சிருக்கீங்களா?"

"இம்புட்டுப் பெரிய வேலைய இத்துணூண்டு ஆளுங்க பாக்காங்கன்னு எனக்கு யாரு சொன்னா? தெரிஞ்சிருந்தா தினம் வெளக்கேத்திக் கும்பிட்டிருப்பேன்."

"ஒங்க வெளக்கு யாருக்கு வேணும்? மூடியப் போடுங்க."

சண்டை இம்மி குறையாமல் நடந்தது. துத்தநாகம் கதவைச் சாத்திவிட்டுத் தைத்தது. இரும்பு இருவருக்கும் நடுவே குனிந்து ஓடினார். கனி கத்தக் கத்த அவருக்குக் கூடைகள் கூடின.

மணி ஐந்து அடித்தது. இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள்.

"கூப்பிட்டுப் பாருங்க," என்றார் ஆறுமுகநயினார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கனி இரண்டு கையையும் வயிற்றில் வைத்தாள்.

"அமுது."

நடை நீளவில்லை. கூடைகளின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு உள்ளே, மெதுவாக, ஒரு தலை திரும்பியது.

ஆறுமுகநயினார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அவர் எழுந்ததை அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை.

"நான் ஒரு தடவ கூப்பிடட்டா?"

சண்டை இன்னும் நடப்பில் இருந்ததால் கனி "முடியாது" என்றாள். வயிற்றை மட்டும் கவுண்டர் பக்கம் நகர்த்தி நின்றாள்.

அவர் கூப்பிட்டார். மறுபடியும் திரும்பியது.