லொரெட்டா கேட்காத கேசட்

இந்தக் கையை உடைத்து அடுப்பில் வைத்தாலும் தகும். தொண்ணூற்று மூன்றில், வெஸ்ட் வின்ட்சர் அபார்ட்மெண்டில், அந்தக் கேசட்டின் ஓட்டையில் செலோடேப் ஒட்டிய கை இதுதான்.

கேசட் பக்கத்து வீட்டு லொரெட்டாவுடையது. அறுபதுகளில் அவளும் தங்கை ஈவோனும் இன்னொரு பெண்ணும் மில்ஸ்டோன் கேர்ள்ஸ் என்று பாட்டுக்குழு வைத்திருந்தார்கள். ட்ரெண்டன் கிளப்புகளில் பாடி, ஒரே ஒரு ரெக்கார்டும் போட்டார்கள். கறுப்புப் பெண்கள் படம் போட்டால் விற்காது என்று கம்பெனிக்காரன் அட்டையில் கடற்கரைப் படத்தைப் போட்டானாம், படுபாவி. குழு கலைந்தது. எழுபத்தொன்றில் ஆஸ்பத்திரியில் கிடந்த ஈவோன், அக்காவுக்கென்று ஒரு கேசட்டில் பாடி வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். இருபத்திரண்டு வருஷமாக லொரெட்டாவுக்கு அதைப் போட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை.

"உங்க வீட்ல டபுள் டெக் இருக்கே, முதல்ல ஒரு காப்பி எடு. அப்புறம் நீ என் பக்கத்துல உக்காந்துக்கோ, கேட்டுடலாம்" என்று கேசட்டைக் கொடுத்தாள். வாங்கி டிராயரில் போட்டு வைத்தேன்.

அந்த வாரமே என் வீட்டுக்காரர் ஜெயபிரகாஷின் ஆபீஸ் நண்பர் கோயம்புத்தூர் கிளம்பினார். ஊருக்கு யார் போனாலும், உடுமலையில் இருக்கும் மாமியாருக்கு நான் கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவேன். அத்தைக்கு எழுதப் படிக்க வராது. கேட்டுவிட்டு அதே கேசட்டில் பதில் பேசி அனுப்புவார்.

"வசந்தா, சீக்கிரம் ரெக்கார்ட் பண்ணு, அவர் வந்துடுவார்!" என்று ஜெயபிரகாஷ் அவசரப்படுத்தினார்.

டிராயரில் பெயர் எழுதாத ஒன்றை எடுத்தேன். யாரும் மேலே பதிவு செய்யாதபடி ஓரத்துத் தடுப்பை உடைத்து வைத்திருந்தது. நமக்கு அதெல்லாம் ஒரு தடையா? பழைய சினிமாப் பாட்டுக் கேசட் எத்தனைக்கு இப்படி செலோடேப் ஒட்டியிருப்பேன்! பத்து நிமிஷம் பேசினேன். பனி, இங்கத்துக் கத்தரிக்காய், மகள் வெண்பா டேகேரில் அழுவது, எல்லாம்.

மூன்றாம் நாள் லொரெட்டா கேட்டபோதுதான் டிராயரைக் குடைந்தேன். அவளுடைய கேசட் இல்லை; ஊருக்குப் போனது அதுதான். "இன்னும் முடியலை" என்று பொய் சொன்னேன்.

அன்றிலிருந்து சமையலறையில் ஒரு பெண் பாடினாள். ஹீட்டர் ஓடினால் அதற்குள்ளே. குழாயைத் திறந்தால் தண்ணீருக்குள்ளே. ஈவோன் குரலை நான் கேட்டதே இல்லை. ஆனாலும் அவள்தான் என்று எனக்குத் தெரிந்தது. சொன்னால் ஜெயபிரகாஷ் சிரிப்பார் என்று வாயை மூடிக்கொண்டேன். பயமான பயம்.

உடுமலைக்கு போன் போட்டேன். "அத்தை, அந்தக் கேசட்ல எதுவும் பேசிடாதீங்க!"

"பேசி நேத்தே குடுத்தனுப்பிட்டனே சாமி. உன்ற பேச்சு முடிஞ்சதும் ஒரு புள்ள பாடுச்சே, அது யாரு? நெஞ்சப் பெசஞ்சுது. அதும்மேல பேச மனசு வருல. அதுக்கு முன்னாடியே நிறுத்திப்போட்டேன்."

போனைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

கேசட் வந்ததும் லொரெட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "போடு" என்றாள்.

முதலில் அத்தை. பிறகு ஒரு கிளிக். பாதியிலிருந்து பாட்டு. மூச்சு வாங்கும் அந்தக் குரல், என் சமையலறையில் கேட்ட அதே குரல். லொரெட்டா கண்ணை மூடி, மெல்லிய இரண்டாம் குரலில் கூடவே பாடினாள். பாட்டு முடிந்தது. அப்பாடா, இதாவது பிழைத்ததே என்று நினைத்தேன்.

அப்போது ஈவோன் பேசினாள்.

"அவ்வளவுதான் லொரெட்டா. பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டேன் பாரு, அதை மட்டும் எனக்காகச் செஞ்சுடு. நீ செய்வேன்னுதான் நிம்மதியா இருக்கேன்."

பிறகு வெறும் இரைச்சல்.

லொரெட்டா கேசட்டை முதலுக்கு ஓட்டினாள். அத்தை பேசினார். மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அத்தை.

"என்ன செய்யச் சொன்னா?"

"தெரியாது, லொரெட்டா."

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்கூட நீ கேக்கலையா?"

"கேக்கலை."

லொரெட்டா கேசட்டை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நானும் கேக்கலை" என்றாள்.