படலை, நீ வெட்டு

தசையை விலக்கிப் பிடித்திருந்த கருவியைக் கமென் கை மாற்றியபோது, அவன் முழங்கை எதிலோ இடித்தது. சத்தம் எதுவும் இல்லை. அறுவை மேசையில் ரலித்சாவின் கைக்குக் கீழே இருந்த நோயாளியின் காலில் மட்டும் ஒரு சின்ன அதிர்வு ஓடியது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் திருகி நிறுத்திய கம்பியின் நுனியில் மூன்று பந்துகள் மின்னின. அவற்றை வைத்துத்தான் ரோபோவின் கேமரா எலும்பு எங்கே இருக்கிறது என்று கணக்கிடும். கம்பி அசைந்தால், எலும்பே அசைந்துவிட்டதாக அது நம்பிவிடும்.

"கம்பியில பட்டுச்சா?"

"படலை. நீ வெட்டு."

சந்தேகம் வந்தால் எலும்பில் பதித்திருக்கும் குறியை ஆய்வுக்கோலால் தொட்டுச் சரிபார்க்க வேண்டும். அரை நிமிட வேலை. பயிற்சியில் அலுக்கும் அளவுக்கு அதைச் சொல்லியிருந்தார்கள். அவள் தொடவில்லை. சொன்னவன் கமென். அவள் கல்யாணத்தில் பின்னால் நின்று மணமக்களின் கிரீடங்களை மாற்றியவன். அவள் மகனுக்குப் பெயர் வைத்தவன். பல்கேரியாவின் ப்ளோவ்திவ் நகரில் அப்படிப்பட்டவனைக் கும் என்பார்கள். கும்மின் வார்த்தையைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

ரம்பத்தைத் தாங்கிய ரோபோவின் கை அவள் கையோடு நகர்ந்து, கேமரா கணக்கிட்ட எல்லையில் சரியாக நின்றது. எல்லைதான் தப்பான இடத்தில் இருந்தது. எலும்பு தேவைக்கு மேல் வெட்டுப்பட்டுவிட்டது. பொருத்த இருந்த செயற்கைப் பாதி மூட்டு உட்கார இடமில்லாமல் முழு மூட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று.

நோயாளி மின்சோ தரைக்கு ஓடு பதிப்பவர். முந்தின நாள்தான், "மண்டி போடுறதுதான் என் பொழப்பு டாக்டரம்மா. பாதிரியார்கூட என்னளவுக்குப் போட மாட்டார்" என்று சிரித்தார். பாதி மூட்டு என்றால் மறுபடி மண்டி போட வாய்ப்பு அதிகம் என்று அவள் சொல்லியிருந்தாள். கண் விழித்ததும் அவர் அதைத்தான் கேட்டார். அவள் போர்வையைச் சரிசெய்தாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் துறைத்தலைவர் ஹஜியேவ் திரையைக் காட்டினார்.

"கம்பி அசைஞ்சிருக்கு. நீ கவனிக்கலையாம்மா?"

"சந்தேகம் வந்துச்சு. கமென்கிட்ட கேட்டேன். படலைன்னான்."

எல்லோரும் கமெனைப் பார்த்தார்கள். அவன் மேசையில் சிதறியிருந்த பனித்சா என்ற பாலாடைக்கட்டி அப்பத்தின் துணுக்குகளை விரல் நுனியால் ஒற்றிக்கொண்டிருந்தான். காலையில் இருவருக்குமாக அவள் வாங்கி வந்தது.

"கேட்ட மாதிரி ஞாபகம் இல்ல சார்" என்றான். "எப்படியும் குறியைத் தொட்டுப் பார்த்திருக்கணும். பயிற்சியில அதைத்தானே சொன்னாங்க."

அவன் சொன்னதில் பாதி உண்மை.

"இனிமே கொஞ்ச நாள் கமென் வெட்டட்டும்" என்றார் ஹஜியேவ். "நீ துணைக்கு நில்லு."

நடைவழியில் அவன் பின்னாலேயே வந்தான். "ரெண்டு பேருமே விழணுமா ரலீ? உனக்கு நல்ல பேரு இருக்கு, தாங்கும். எனக்கு என்ன இருக்கு சொல்லு." அவள் நடந்துகொண்டே இருந்தாள். "ஞாயித்துக்கிழமை பையனைக் கூட்டிட்டு வா. குளிர்காலத்துக்குக் குடமொளகா சுடுறோம்."

அவள் போகவில்லை. அன்று தெருவெல்லாம் மிளகாய் சுடும் வாசனை. ஏன் போகவில்லை என்று மகன் கேட்டான். ஜலதோஷம் என்றாள்.

செவ்வாய்க்கிழமை வேறொருவரின் முழங்கால். இப்போது ரலித்சா தசை விலக்கியைப் பிடித்திருந்தாள். ரம்பம் கமெனின் கையில். அவள் விலக்கியைக் கொஞ்சம் தளர்த்தியபோது கால் லேசாக அசைந்தது. அவன் நிமிர்ந்தான்.

"கம்பியில பட்டுச்சா?"

படவில்லை. அவளுக்கு அது நிச்சயமாகத் தெரியும். முகமூடிக்கு மேலே அவன் கண்களைப் பார்த்தாள்.

"படலை" என்றாள். "நீ வெட்டு."

வெட்டலாம் என்று ரோபோவின் பச்சை விளக்கு எரிந்தது. ரம்பம் எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே அப்படியே நின்றது. மூன்று பந்துகளும் மின்னிக்கொண்டிருந்தன. செவிலி ஆய்வுக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.